அக்காவின் ஊரில் ஐந்தாம் சார்ள்ஸ்

அக்காவைக் கையோடு பாரிசுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் நான் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்குப் புறப்பட்டேன். தொண்ணூற்றேழாம் ஆண்டு, பங்குனி மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் இருந்த அம்மா, தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் அதையே சொல்லுவார். “நீ ஒரு தேசத்திலை, அவள் ஒரு தேசத்திலை. புருசனும் இல்லாமல் தனிய அங்கை கிடந்து என்ன செய்யிறாள்? கூட்டிக்கொண்டு போய் உன்னோடை வைச்சிரு.” அக்காவும் ஒருமுறை வந்து போ என்று சொல்லியிருந்தாள். எனக்கு அப்போதுதான் இரண்டு அறை உள்ள வீடு ஒன்று கிடைத்திருந்தது. அக்காவின் அறைக்குத் திரைச்சீலைகூட மாட்டிவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

இத்தாலியின் தென்முனையில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒரு கப்பலின் வயிற்றுக்குள் ஏற்றினார்கள். நான் பெட்டிக்குள் இருந்தபடியே கடலைக் கடந்தேன். எதிர் இருக்கைக் கிழவி நான் பயப்படுகிறேன் என்று நினைத்து ஒரு தோடம்பழத்தை உரித்து என் கையில் வைத்தாள். தோல் சிவப்பாக இல்லை, உள்ளே இரத்தச் சிவப்பு. கெட்டுப்போன பழமோ என்று தயங்கினேன். “சாப்பிடு, சாப்பிடு” என்று வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அவ்வளவு இனிப்பான பழத்தை நான் அதற்கு முன் தின்றதில்லை.

பலெர்மோ நிலையத்தில் என்னைத் தேடிக்கொண்டு நின்ற பெண் அக்கா என்று நம்ப எனக்கு நேரமெடுத்தது. நான் ஊரை விட்டு வரும்போது அவளுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிறகு ஷெல் விழுந்து அத்தான் போனார். அதன் பிறகு வந்த படங்களில் எல்லாம் அக்கா நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த அக்கா ஒரு பெட்டி தூக்கியோடு கைகளை வீசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ரை தம்பியின்ரை பெட்டியை நானே தூக்குவன் எண்டு சொல்லுறன், விடுறானில்லை!” என்றாள் என்னைக் கண்டதும். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பெட்டி தூக்கியும் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்தான்.

நாங்கள் ஏறிய பஸ் ஒரு ஒடுங்கிய தெருவில் நின்றுவிட்டது. யாரோ ஒருவர் தன் காரை நடு வளைவில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். சாரதி அமைதியாக இறங்கிப் போய்க் கோப்பி குடித்தார். பயணிகள் மேல்மாடிகளைப் பார்த்துக் கூவினார்கள். கடைசியில் பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு ஒருவர் ஓடிவந்தார். “இரண்டு நிமிடம்தானே நிறுத்தினேன், உங்களுக்கெல்லாம் வீட்டில் பொறுமை சொல்லித் தரவில்லையா?” என்று அவர் எங்களைத் திட்டியதை அக்கா எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அக்காவின் அறை அல்பெர்கேரியா என்ற பகுதியில், சந்தைக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடியில். சன்னலைத் திறந்தால் எதிரே கூரையில்லாத ஒரு வீடு. சுவரில் பூப்போட்ட காகிதம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க, நடு அறையில் ஒரு அத்திமரம் வளர்ந்து நின்றது.

“இதென்னக்கா?”

“உலக யுத்தத்திலை குண்டு விழுந்தது.”

“அரை நூற்றாண்டாகியும் கட்டேல்லையோ?”

“கட்டுவினம். இவைக்கு அவசரமில்லை.”

அன்று மத்தியானம் பாணுக்குள் கடலைமாப் பொரியல் வைத்துத் தந்தாள். அதற்குப் பெயர் பனெல்லே. கொஞ்சம் பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் போட்டிருந்தால் எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையிலேயே விற்கலாம். அந்தச் சந்தையில் கூவி விற்பவர்களின் குரலும் அப்படித்தான். சொல் விளங்காது. ஆனால் மீன் நல்ல மீன், இன்றைக்கு வாங்காவிட்டால் நாளைக்கு அழுவாய் என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

நான் பாரிஸ் கதையை எடுத்தேன். அறை, திரைச்சீலை, பக்கத்துத் தமிழ்க் கடைகள் எல்லாம் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். “நாளைக்கு என்னோடை சிஞ்ஞோரா வீட்டை வா. உன்னை எப்ப காட்டுவாய் எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறா” என்றாள்.

சிஞ்ஞோரா என்பது அக்கா பார்த்துக்கொள்ளும் முதிய அம்மையார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர். கணவர் இல்லை, ஒரே மகள் வடக்கில் மிலானில். கண் பார்வை சில வருடங்களாக மங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். அவருடைய வீட்டில் புத்தகம் இல்லாத இடம் குளியலறை மட்டுமே. நான் பிரெஞ்சு பேசுவேன் என்று தெரிந்ததும் வணக்கம் சொல்வதற்குக்கூட விடவில்லை.

“வாசிப்பீர்களா? நன்றாக வாசிப்பீர்களா?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

உணவகச் சமையலறையில் தொடங்கிய பிரெஞ்சு என்றாலும், மாலை வகுப்புகளில் ஒழுங்காகப் படித்தவன் நான். வாசிப்பேன் என்றேன். அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா மேலடுக்கிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். அறுநூறு வருடங்களுக்கு முன் பிரான்சை ஆண்ட ஐந்தாம் சார்ள்ஸ் அரசனைப் பற்றியது.

அவனைப் பற்றிச் சிஞ்ஞோரா இத்தாலியப் பிள்ளைகளுக்காக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். முக்கால்வாசி முடிந்தபோது கண் போனது. வாசித்துக் காட்டிய மாணவியும் வேலை கிடைத்து வடக்கே போய்விட்டாள். அன்றிலிருந்து புத்தகம் அப்படியே நின்றுவிட்டது.

“ஏன் இந்த அரசன்? சிசிலிக்காரருக்கு வேறு அரசர்கள் இல்லையா?” என்று கேட்டேன்.

“ஒருகாலத்தில் இங்கே ஆண்ட பிரெஞ்சுக்காரரை நாங்கள் அடித்துத் துரத்தினோம். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்” என்றார். “குண்டு போட்டு எங்கள் தெரு விழுந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. விழுந்ததை எப்படி எடுத்துக் கட்டுவது என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கவில்லை. தேடித் தேடிக் கடைசியில் இவன் அகப்பட்டான்.”

நான் வாசிக்கத் தொடங்கினேன். பக்கத்தில் அக்கா, மரக்கறியாகச் சமைக்கும் கூனைப்பூக்களின் முள்ளிதழ்களைச் சீவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும், “இப்ப என்ன நடந்தது?” என்று தமிழில் கேட்பாள். நான் சொல்லுவேன்.

சார்ள்சின் தகப்பனான அரசன் வாளைத் தூக்கிக்கொண்டு போருக்குப் போய் ஆங்கிலேயரிடம் பிடிபட்டான். லண்டனில் சிறை. மகனுக்கு அப்போது பதினெட்டு வயது. வீட்டையும் நாட்டையும் அவன் தலையில் போட்டார்கள். பாரிஸ் வணிகர்களின் தலைவன் ஆட்களோடு அவனுடைய அறைக்குள்ளேயே நுழைந்து, அவன் கண் முன்னால் இரண்டு தளபதிகளை வெட்டினான். பிறகு தன் கட்சியின் சிவப்பும் நீலமும் கலந்த தொப்பியைப் பையனின் தலையில் வைத்து, உனக்கு ஒன்றும் ஆகாது என்றான்.

“பிறகு அவர் என்ன செய்தவர்?” என்றாள் அக்கா. கத்தி நின்றுவிட்டது.

“தொப்பியைக் கழட்டேல்லை. கொஞ்ச நாள் பொறுத்து, நகரத்தை விட்டு வெளியிலை போயிட்டார்.”

“நல்ல வேலை செய்தவர்” என்று சொல்லிவிட்டுக் கூனைப்பூவைத் திருப்பினாள்.

இப்படியே நாட்கள் போயின. காலையில் வாசிப்பு, மத்தியானம் சாப்பாடு, பின்னேரம் நானும் அக்காவும் நகரம் சுற்றுவது. அந்த வாரம் சூசையப்பர் திருநாள். தேன் வடிய, மேலே தயிர்ப் பாலாடை பூசிய பெரிய பணியாரங்களைத் தெருவெல்லாம் விற்றார்கள். ஒன்றோடு நிறுத்த வேண்டும் என்று அக்கா எச்சரித்தாள். நான் கேட்கவில்லை. அன்றைய வாசிப்பு வயிற்றுவலியால் பாதியில் நின்றது. சிஞ்ஞோரா தேசிக்காய்ச் சாறு பிழிந்து தரச் சொல்லி, என் நெற்றியைத் தடவிப் பார்த்தார்.

அரசனான பிறகும் சார்ள்சுக்கு நோய்தான். ஒரு கை வீங்கி, ஈட்டி பிடிக்க முடியாது. நாட்டில் சம்பளமில்லாத போர்வீரர்கள் கூட்டம் கூட்டமாகக் கொள்ளையடித்துத் திரிந்தார்கள். அவர்களைத் திரட்டி ஒரு தளபதியோடு ஸ்பெயினுக்கு அனுப்பிவைத்தான். மதில்களைத் திருத்தினான். ஒரு கோபுரம் நிறையப் புத்தகம் சேர்த்து, லத்தீனில் இருந்ததைச் சனங்கள் பேசும் மொழியில் எழுத வைத்தான். ஆங்கிலேயப் படை மறுபடி வந்து பாரிசுக்கு வெளியே ஊர்களைக் கொளுத்தியபோது, அரண்மனையிலிருந்து புகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கதவைத் திறக்கவில்லை. சண்டைக்குப் போகவில்லை. வந்த படை நடந்து நடந்து, பசியில் மெலிந்து, குதிரைகளை இழந்து திரும்பிப் போனது.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “மதிலுக்கு வெளியிலை இருந்த சனம்?”

நான் அதைச் சிஞ்ஞோராவுக்குப் பிரெஞ்சில் சொன்னேன்.

“நானும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன்” என்றார். “அந்தப் பக்கத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அவன் செய்தது சரி என்று எழுதினால், எரிந்த வீட்டுக்காரி வந்து என் முன்னால் நிற்கிறாள். பிழை என்று எழுதினால் பிறகு பிரான்சே இல்லை.”

அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் இத்தாலிய மொழியில் ஏதோ மெதுவாகக் கதைத்தார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை எல்லோரும் கடற்கரைக்குப் போவதென்று சிஞ்ஞோரா முடிவு செய்தார். ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீனவர் குடியிருப்பு. காரோடு வந்தவர் செபமாலை. மன்னார், பேசாலை ஆள். நகரத்தில் ஒரு உணவகத்தில் சமையல். நாற்பது வயதிருக்கும், தோள் அகன்ற அமைதியான மனிதர். முதலாளியின் பழைய ஃபியட்டை இரவல் வாங்கி, கழுவித் துடைத்துக்கொண்டு வந்திருந்தார். சிஞ்ஞோராவைக் கைபிடித்து இறக்கி ஏற்றிய விதத்தில், இவருக்கு இது பழக்கம் என்று தெரிந்தது.

சாப்பாட்டை எப்படிச் சொல்வது? கணவாயை அப்படியே அவித்து, தேசிக்காயும் ஒலிவ் எண்ணெயும் விட்டு வைத்தார்கள். கடல் முள்ளெலியின் செம்மஞ்சள் சினையை ஸ்பகெத்தியில் பிரட்டினார்கள். சூடைமீனை எலும்பெடுத்துச் சுருட்டி, முந்திரிகை வற்றலும் பாண் தூளும் வைத்துச் சுட்டிருந்தார்கள். செபமாலை ஒரு டப்பாவைத் திறந்து, வீட்டில் இடித்த மிளகாய்த்தூளை என் பக்கம் நகர்த்தினார். பாரிசில் பத்து வருடம் மற்றவர்களுக்காகச் சமைத்த நான், அன்று மற்றவர் சமைத்ததை வயிறாரச் சாப்பிட்டேன். கடற்காற்றில் சிஞ்ஞோரா முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. அக்கா ஸ்டியரிங் பிடிக்க, சிஞ்ஞோரா ராணிபோலப் பின்னால் இருக்க, நானும் செபமாலையும் தள்ளினோம்.

மூச்சு வாங்க, என்னைப் பாராமலே அவர் சொன்னார்: “தம்பி, உங்களோடை ஒரு விசயம் கதைக்கவேணும். நானும் உங்கட அக்கா வசந்தாவும் கலியாணம் கட்ட யோசிச்சிருக்கிறம்.”

நான் தள்ளுவதை நிறுத்தினேன். கார் பின்னால் வந்து என் முழங்காலில் இடித்தது.

“உங்கட ஆக்கள் என்ன நினைப்பினம் எண்டு எனக்குத் தெரியும்” என்றார், முழுப் பாரத்தையும் தன் தோளில் தாங்கிக்கொண்டு. “நாங்கள் வேதக்காரர், கடற்தொழில் ஆக்கள். எனக்கு ஊரிலை ஒருத்தரும் மிச்சமில்லை, அம்மாவும் மடு அகதி முகாமிலை இருக்கேக்கை போயிட்டா. பெரியாக்களை அனுப்பிக் கேக்க ஆளில்லை. அதுதான் நானே கேக்கிறன். அவ தன்ரை சாமியைக் கும்பிடட்டும், நான் என்ரையைக் கும்பிடுறன். எனக்கு அவ இருந்தால் காணும்.”

“சிஞ்ஞோராவுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. சாதி, சமயம் அல்ல என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் இருந்திருக்கும். ஆனால் அதைவிட, கண் தெரியாத ஒரு வெளியாளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் சுட்டது. திரைச்சீலை வாங்கிய மடையன் நான். அன்று அறையில் அக்கா பேச வந்தபோது, தலையிடிக்கிறது என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லை. இருவரும் ஒரே அறையில் இருந்துகொண்டு, தேத்தண்ணி வேணுமோ, ஓம், என்ற அளவில் கதைத்தோம்.

திங்கட்கிழமை விடிந்ததும் தனியாக வெளிக்கிட்டு, கால் போனபடி நடந்து, சிஞ்ஞோரா வீட்டுக்குக் கிட்டவுள்ள போர்கோ வெக்கியோ சந்தைக்குள் வந்துவிட்டேன். மரக்கறி விற்கும் பருத்த பெண் ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள்.

“வசந்தினாவின் தம்பியா?” என்றாள். மூக்கைத் தொட்டுக் காட்டினாள். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு.

இத்தாலிய மொழியில் பாதியைப் பிரெஞ்சை வைத்து விளங்கிக்கொள்ளலாம். மீதியை அவள் கைகள் சொல்லின. அக்கா முதன்முதல் வந்த காலத்தில் வாயே திறக்க மாட்டாளாம். மரக்கறியைத் தொட்டுக் காட்டிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். ஊமை என்றுதான் நினைத்தார்களாம். “நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இது கத்தரிக்காய், சொல்லு. இது பூசணி, சொல்லு. இப்போது பார், தக்காளி பழுக்கவில்லை என்று என்னோடேயே சண்டை பிடிக்கிறாள்!” என்று மார்பில் தட்டிச் சிரித்தாள். ஒரு கட்டுக் கீரையைச் சுற்றி என் கக்கத்தில் செருகிவிட்டாள்.

அந்தக் கீரையோடு நடுத்தெருவில் நின்றேன். அக்கா ஊமையாக இருந்த நாட்களில் நான் பாரிசில் இருந்தேன். அம்மா கொழும்பில் இருந்தார். கத்தரிக்காய் என்று சொல்ல வைத்தது இந்தப் பெண்தான். இவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், தெரிந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். “கிராட்சியே, கிராட்சியே.” அவள் அடுத்த வாடிக்கையாளரோடு கத்தத் தொடங்கிவிட்டாள்.

அங்கிருந்து சிஞ்ஞோரா வீட்டுக்குப் போனேன். அக்கா இன்னும் வரவில்லை. நான் புத்தகத்தைத் திறந்தேன். தெற்கில் ஆங்கிலேயரிடம் போன ஊர்கள் ஒவ்வொன்றாக அரசனிடம் திரும்பிய அத்தியாயம். முற்றுகையிட்டுப் பிடித்ததும் உண்டு. ஆனால் பல ஊர்களுக்கு அவன் ஆளனுப்பிக் கேட்டான். உங்கள் வழமைகளை நான் தொடமாட்டேன், வருவீர்களா என்று கேட்டான். அவை கதவைத் திறந்தன.

“போதும், நிறுத்துங்கள்” என்றார் சிஞ்ஞோரா. “உங்கள் அக்கா பாரிசுக்குப் போனால் நான் திண்டாடிப்போவேன். ஆகவே நான் சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம். ஆனால் ஒரு கேள்வி. வந்த நாளிலிருந்து பாரிசில் என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சொல்கிறீர்கள். அவளிடம் ஏதாவது கேட்டீர்களா?”

கேட்கவில்லை.

அக்கா வந்து, கீரையைக் கண்டு, “ஆர் தந்தது, அந்தக் கள்ளியோ? முத்தல் கீரை!” என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

“அக்கா, உங்களுக்கு என்ன விருப்பம்?”

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்: “நான் சொல்லாதது பிழைதான். போனிலை சொல்லிப் பாக்க எத்தினையோ தரம் எடுத்தனான், வாய் வரேல்லை. உன்ரை முகத்தைப் பாத்துச் சொல்லவேணும் எண்டுதான் வரச் சொன்னனான். நீ வந்த உடனை திரைச்சீலையைப் பற்றிக் கதைச்சாய். எப்பிடிச் சொல்லுறது? தம்பி, இவர் வந்து என்னைச் சிரி எண்டு சொல்லேல்லை. அழாதை எண்டும் சொல்லேல்லை. நான் வேலை முடிஞ்சு போகேக்கை பஸ் தரிப்பிடம் மட்டும் கூட நடந்து வருவார். கனகாலம் நாங்கள் ஒண்டும் கதைக்கேல்லை. ஒருநாள் நானே கதைச்சன்.” கீரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “எனக்கு இஞ்சை இருக்க விருப்பம். இவரோடை இருக்க விருப்பம். நீயும் அம்மாவும் ஓம் எண்டு சொன்னால் இன்னும் விருப்பம்.”

“நான் ஓம்” என்றேன். “அம்மாவோடை நான் கதைக்கிறன்.” அக்கா கீரைக் கையோடேயே என் முகத்தைத் தடவினாள். உள்ளேயிருந்து சிஞ்ஞோரா, “முடிந்ததா? அடுத்த பக்கத்துக்குப் போகலாமா?” என்று கூப்பிட்டார்.

நான் புறப்படும் நாள் காலையில் கடைசி அத்தியாயத்தை வாசித்தோம். மனைவி இறந்தபின் அரசன் அதிக காலம் இருக்கவில்லை. போன நிலம் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. சாகும் நாளில், போருக்காக வீட்டுக்கு வீடு அடுப்புக் கணக்கில் அறவிட்ட வரியை நீக்கச் சொன்னான்.

“சாகேக்கையோ?” என்றாள் அக்கா. “இருக்கேக்கை எடுத்திருக்கலாமே.”

நான் மொழிபெயர்த்ததும் சிஞ்ஞோரா கண்ணீர் வரச் சிரித்தார். “அதை எழுதுகிறேன்” என்றார். “அதையும், மதிலுக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றி அவள் கேட்டதையும். இரண்டையும் கேள்வியாகவே விட்டுவிடுகிறேன். பிள்ளைகள் யோசிக்கட்டும்.” நான் விடைபெறும்போது அவருடைய கையை என் கண்களில் ஒற்றிக்கொண்டேன். அது அவருக்குப் புதிது. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ரயிலுக்கு முன், நிலையத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டு அழைப்பு எடுக்கும் கடைக்குப் போனோம். செபமாலை வேலையிலிருந்து நேரே, மீன் மணத்தோடு ஓடிவந்திருந்தார். நான் கூண்டுக்குள் போய் அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். யார், எந்த ஊர், எந்தச் சமயம், ஒன்றையும் மறைக்கவில்லை. மறுபக்கத்தில் வெறும் இரைச்சல். தொடர்பு அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

“குடிக்கிறவரோ?” என்றார் அம்மா கடைசியில்.

“இல்லையம்மா.”

“அவள் இப்ப ஒழுங்கா நித்திரை கொள்ளுறாளோ?”

“ஓமம்மா. நான் பாத்தனான். நல்லாக் கொள்ளுறா.”

“அவரிட்டைக் குடு.”

செபமாலை சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கூண்டுக்குள் வந்தார். நிமிர்ந்து நின்று ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தார். “ஓமம்மா” என்றார். “இல்லையம்மா.” கொஞ்சம் பொறுத்து, “இன்னும் இல்லையம்மா... சரியம்மா, போய்ச் சாப்பிடுறன்.” அதன் பிறகும் வெகுநேரம் ரிசீவரை வைக்காமல் நின்றார்.

அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று தவித்தாள். “என்னவாம்? அம்மா என்ன கேட்டவ?”

“மத்தியானம் சாப்பிட்டனீரோ எண்டு கேட்டவ” என்றார் செபமாலை. அக்கா அவருடைய கையைப் பிடித்து, எதிரேயிருந்த பனெல்லேக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.